ஒரு வான்கோழி, இரண்டு இறக்கை, இரண்டு குழல்

இரண்டு பேர் சேர்ந்து வேட்டையாடிய காட்டு வான்கோழியில் கறியைப் பங்கு போடுவது சுலபம். நெஞ்சுக்கறி இரண்டு பக்கம், தொடை இரண்டு. நினைவுக்கு எடுத்து வைக்கும் பொருளில்தான் இழுபறி: வால் விசிறி ஒன்று, நெஞ்சில் தொங்கும் மயிர்க்கற்றையான தாடி ஒன்று. ஆனால் இறக்கை இரண்டு. ஒவ்வொரு இறக்கையிலும் ஒரு முழு விங்போன் யெல்ப்பருக்கு, அதாவது பெட்டையின் குரலில் அழைக்கும் இறக்கை எலும்புக் குழலுக்கு, வேண்டிய மூன்று எலும்பும் இருக்கின்றன. ஆளுக்கொரு குழல் செய்துகொண்டால், அடுத்த ஆண்டு அதே பறவையின் எலும்பை வைத்தே இன்னொரு பறவையைக் கூப்பிடலாம்.

மூன்று எலும்பு எவை என்பதை முதலில் பார்த்துவிடலாம். தோளை ஒட்டியிருக்கும் பெரிய எலும்பு ஹியூமரஸ். அதற்கடுத்த பகுதியில் இரண்டு எலும்பு இணையாக ஓடும். தடித்தது அல்னா, மெல்லியது ரேடியஸ். ரேடியஸை அல்னாவுக்குள்ளும், அல்னாவை ஹியூமரஸுக்குள்ளும் செருகினால் போகப் போக அகலும் குழாய் கிடைக்கும். இதை ஊதக் கூடாது. ரேடியஸ் நுனியில் உதட்டைக் குவித்து வைத்துக் காற்றை உள்ளே இழுக்க வேண்டும். பெட்டையின் 'யெல்ப்' ஒலி வரும். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் வான்கோழி வேட்டைக்கு மின்னணு அழைப்புக் கருவிகள் கூடாது. கையாலும் வாயாலும் இயக்குபவை தாராளமாகச் செல்லும்.

இங்கே சொல்லும் அளவுகள் மிசௌரியின் ஓசார்க் குன்றுகளில் வசந்தத்தில் கிடைக்கும் கிழக்கத்திய இன முழுவளர்ச்சிச் சேவலுக்கு உரியவை. அதன் ஹியூமரஸ் ஏறக்குறைய 6 அங்குலம், அல்னா அதைவிடச் சற்றுக் குட்டை, ரேடியஸ் 5 அங்குலத்தை ஒட்டி. குழலுக்குப் பெட்டையின் எலும்புதான் உசத்தி என்பது பழையவர்களின் கட்சி. துளை சிறியது, குரல் கூர்மையாக வரும். ஆனால் வசந்த வேட்டையில் சேவலையோ தாடி வைத்த பறவையையோதான் எடுக்கலாம். சேவல் எலும்பில் கரகரப்பான, வயதான பெட்டையின் குரல் வரும். அதுவும் காட்டில் எடுபடும் குரல்தான்.

வேலை தொடங்கும் இடம் மரத்தடி

இறக்கை எலும்பில் ஒரு துப்பாக்கி ரவை பாய்ந்துவிட்டால் அந்தக் குழல் போயிற்று. ரேடியஸின் சுவர் மெல்லியது. ஒரு ரவையே நீளவாக்கில் பிளந்துவிடும். அதனால் குழல் நன்றாக வருமா என்பது பட்டறைக்கு வரும் முன்பே, இரண்டு பேரும் எங்கே எப்படி உட்கார்ந்தார்கள் என்பதில் பாதி தீர்ந்துவிடுகிறது.

சுடுபவர் முன்னால், தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார வேண்டும். அழைப்பவர் 20 முதல் 30 கெஜம் பின்னால், சற்றே ஒரு பக்கம் தள்ளி. இயற்கையில் பெட்டைதான் சேவலைத் தேடிப் போகும். ஆகவே பெட்டையின் குரலைக் கேட்டு வரும் சேவல், அவளைக் கண்ணால் பார்க்க வேண்டிய தூரம் வந்ததும் நின்றுவிடும். பெரும்பாலும் 60 கெஜத்தில் நின்று வாலை விரித்துக்கொண்டு, 'இனி நீ வா' என்று காத்திருக்கும். அழைப்பவரும் சுடுபவரும் ஒரே மரத்தடியில் இருந்தால் அந்த 60 கெஜம் எட்டாத தூரம். அழைப்பவர் 30 கெஜம் பின்னால் இருந்தால், சேவல் நிற்கும் இடம் சுடுபவருக்கு 30 கெஜம். தனியாகப் போகிறவருக்கு இந்த வசதி கிடையாது. அப்படியும் நின்றுவிட்டால், அழைப்பவர் சேவலின் பார்வைக்கு மறைவாக இன்னும் 15, 20 கெஜம் பின்வாங்கி, காலால் சருகைக் கிளறிக்கொண்டே மெல்ல அழைக்கலாம். பெட்டை விலகிப் போகிறாள் என்ற தோற்றம்தான் பல நேரம் சேவலை நகர வைக்கும்.

வலக்கைக்காரர் இடது தோளைப் பறவை வரும் திசைக்குக் காட்டி உட்கார்ந்தால், உடம்பை அசைக்காமலே துப்பாக்கியை இரு பக்கமும் அதிகம் திருப்பலாம். தோட்டா ஏறிய துப்பாக்கி ஒன்றே ஒன்று. அழைப்பவர் கையில் துப்பாக்கி வேண்டாம். சுடும் கோணத்தை விடியும் முன்பே, இந்த மரத்திலிருந்து அந்தப் பாறை வரை என்று பேசி வைத்துக்கொள்ள வேண்டும். சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் சேவல் தலையின் நிறங்கள்; கைக்குட்டை, சாக்ஸ் உட்பட எதிலும் அவை இருக்கக் கூடாது. வேறொரு வேட்டைக்காரர் வருவது தெரிந்தால் கையாட்டவோ வான்கோழிக் குரல் கொடுக்கவோ கூடாது. மனிதக் குரலில் சத்தமாக 'நில்லுங்கள்' என்று சொல்ல வேண்டும். குரல் கேட்கும் திசைக்கு ஊர்ந்து போவது இந்த வேட்டையின் மிக மோசமான பழக்கம். அங்கே குரல் கொடுப்பது இன்னொரு மனிதராக இருக்கலாம்.

வாலை விரித்து நிற்கும் சேவல் கழுத்தை உடம்போடு இழுத்து வைத்திருக்கும். இறக்கை நுனி தரையைத் தொடும். அந்த நிலையில் சுட்டால் ரவை நெஞ்சுக்கும் இறக்கைக்கும் போகும். கறியும் பாழ், எலும்பும் பாழ். பின்னால் இருப்பவர் 'கிளக்' என்று ஒரு கூர்மையான ஒற்றைக் குரல் கொடுத்தால் கழுத்து நீளும். வெறும் தோல் முடிந்து இறகு தொடங்கும் இடத்தைக் குறி வைப்பதுதான் பாதுகாப்பு.

துப்பாக்கியை முன்கூட்டியே காகிதத்தில் சோதித்திருக்க வேண்டும். 40 கெஜத்தில் 10 அங்குல வட்டத்துக்குள் 100 ரவையாவது விழ வேண்டும் என்பது பரவலான கணக்கு. 12 கேஜ் துப்பாக்கியில் 5 அல்லது 6ஆம் எண் ஈய ரவை, ரவை சிதறாமல் குவிக்கக் குழல் முனையில் முழுச் சோக். விழாவிட்டால் சோக்கையோ தோட்டாவையோ மாற்றலாம். அல்லது 30 கெஜத்துக்கு மேல் சுடுவதில்லை என்று தீர்மானித்துக்கொள்ளலாம். எண் குறையக் குறைய ரவை பெரிது; மிசௌரியில் 4ஆம் எண்ணைவிடப் பெரிய ரவை கூடாது. இப்போது புழங்கும் டங்ஸ்டன் ரவை ஈயத்தைவிட மிகவும் அடர்த்தியானது. 9ஆம் எண்ணிலேயே தூரம் போகும். ஆனால் 15 கெஜத்தில் அதன் கொத்து ஒரு கையகலம்கூட விரிந்திருக்காது. கிட்டத்தில் தவறவிடுவதற்கு இதுவே காரணம்.

விழுந்த பறவை ஒரு நிமிடம்போல இறக்கையை அடித்துக்கொள்ளும். இறக்கையைப் பிடித்து அமுக்காதீர்கள். முதலில் துப்பாக்கியைப் பாதுகாப்பு நிலைக்குக் கொண்டுவந்து, கழுத்தைப் பூட்ஸால் அழுத்தி, அடங்கிய பிறகு காலைப் பிடிக்கலாம். மூத்த சேவலின் குதிமுள் ஓர் அங்குலத்துக்கு மேல் இருக்கும், உள்ளங்கையைக் கிழித்துவிடும். வெளியே தூக்கி வரும்போது ஆரஞ்சு நிறத் துணியில் சுற்ற வேண்டும்.

மிசௌரியில் அன்றிரவு 10 மணிக்குள் பறவையைப் பதிவு செய்ய வேண்டும். அதுவரை இறக்கையில் கத்தி வைக்காதீர்கள். சட்டம் இவ்வளவு கறாராக இருப்பதற்கு வரலாறு உண்டு. பறவை அருகிப்போனதால் 1937இல் அந்த மாநிலம் வேட்டையையே மூடியது. மிஞ்சியவற்றை வலையில் பிடித்து வேறு காடுகளில் விட்டுப் பெருக்கிய பிறகு 1960இல்தான் வசந்த வேட்டை திரும்பியது. வேறு மாநிலத்தில் விதி வேறாக இருக்கும். அந்தந்த ஆண்டுக் கையேட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இறக்கையைப் பிரித்தல்

வெட்டுக்கத்தியால் போட்டு வெட்டினால் ஹியூமரஸின் தலை நொறுங்கும். இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி இழுத்து, அக்குள் தோலைச் சிறுகத்தியால் கீறினால் மூட்டு தெரியும். நரம்பை அறுத்தால் தானே கழன்று வரும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இடது, வலது என்று அப்போதே துணிநாடா கட்டிப் பிரித்து வையுங்கள். இரண்டு இறக்கையின் எலும்பும் கலந்துவிட்டால் வளைவு பொருந்தாமல் குழல் கோணும்.

மணிக்கட்டுப் பகுதியைத் தனியே வெட்டி எடுத்து, அதன் நீண்ட இறகுகளை வில்வித்தை தெரிந்த யாருக்காவது கொடுக்கலாம். அம்புக்கு வான்கோழி இறகு அருமையானது. அங்கேயும் இடது இறகையும் வலது இறகையும் ஒரே அம்பில் கலக்க மாட்டார்கள்.

அல்னாவின் மேல் வரிசையாகச் சின்னப் புடைப்புகள் இருக்கும். இறகு வேர் ஒட்டியிருக்கும் இடம் அது. குறடால் முறுக்கிப் பிடுங்கினால் எலும்பின் மேல்தோல் சிலும்பாகப் பெயரும். ஒவ்வோர் இறகையும் அது வளர்ந்த திசையிலேயே நேராக இழுக்க வேண்டும். புடைப்பை அரத்தால் தேய்த்து மழுப்பாமல் விட்டால் விரலுக்கு நல்ல பிடி.

வேகவைத்தல், அறுத்தல், எண்ணெய் எடுத்தல்

அதிகம் பேர் கெடுப்பது இந்தக் கட்டத்தில்தான். தளதளவென்று கொதிக்கவிட்டால் கொழுப்பு எலும்புக்குள்ளேயே ஊறி, பின்னாளில் மஞ்சளாகக் கசியும். எலும்பும் நொறுங்கும் தன்மைக்குப் போகும். அடியில் சிறு குமிழ் மட்டும் எழும் சூட்டில், பாத்திரம் கழுவும் திரவ சோப் ஒரு தேக்கரண்டி விட்டு 30, 40 நிமிடம் போதும். எடுத்து, சதையையும் நரம்பையும் வெண்ணெய்க் கத்தியால் வழித்துவிட்டு, புதுத் தண்ணீரில் இன்னும் 20 நிமிடம். சோடா மாவு போடச் சொல்பவர்கள் உண்டு. பெரிய மண்டையோட்டுக்கு அது சரி. இந்த மெல்லிய எலும்பில் மேற்பரப்பு சுண்ணாம்பாக உதிரும்.

இனி முனைகளை அறுக்கலாம். ரேடியஸ், அல்னா இரண்டுக்குள்ளும் மஜ்ஜை இருக்கிறது. முனை திறக்காமல் எத்தனை நாள் ஊறவைத்தாலும் எண்ணெய் வெளியே வராது. ஹியூமரஸில் மஜ்ஜை கிடையாது. அது காற்றறையோடு இணைந்த பொள்ளல் எலும்பு. ஆனால் இரு முனையிலும் சல்லடைபோல எலும்பு இழைகள் குறுக்கே ஓடும்; அவற்றை உருண்டை அரத்தால் எடுத்துவிட வேண்டும்.

அங்குலத்துக்கு 32 பல் உள்ள ஹாக்ஸா பிளேடு நல்லது. அறுக்கும் கோட்டைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டி, எலும்பை உருட்டி உருட்டிச் சுற்றிலும் கீறிக்கொண்டே வாருங்கள். ஒரே பக்கமாக அறுத்தால் கடைசியில் சில்லு பெயரும். வைஸில் இறுக்கினால் நசுங்கிவிடும். கட்டையில் வி வடிவக் காடி வெட்டி அதில் கிடத்திக் கையால் பிடித்தால் போதும். எலும்புத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. முகக்கவசம் போட்டு, ஈரப்படுத்தி அறுங்கள்.

ரேடியஸில் இரு முனையிலும் அரை அங்குலம் எடுத்தால் வட்டத் துளை தெரியும். இப்போதைக்கு அதற்கு மேல் வேண்டாம். நீளம் மிச்சமிருந்தால் பின்னால் குறைக்கலாம். அல்னாவில் உள் சல்லடை முடிந்து சுத்தமான வளையம் தெரியும் வரை. ஹியூமரஸில் முழங்கை முனையை நன்றாக உள்தள்ளி, தோள் முனையில் குமிழை மட்டும். அந்த அகன்ற முனைதான் குழலின் வாய்.

மஜ்ஜையைப் பழைய கிட்டார் கம்பியால் குத்தி எடுத்து, ஊசி போடும் சிரிஞ்சில் வெந்நீர் பாய்ச்சிக் கழுவ வேண்டும். பிறகு சோப்புத் தண்ணீரில் ஊறல். தினமும் தண்ணீர் மாற்றி, மேலே எண்ணெய்ப் படலம் மிதப்பது நிற்கும் வரை. ஒரு வாரமும் ஆகும், இரண்டும் ஆகும். இதை அவசரப்படுத்தினால் பின்னால் மூட்டுக்குப் போடும் எபாக்சி பசை ஒட்டாது. கடைசியாக 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் ஒரு நாள். குளோரின் பிளீச் வேண்டவே வேண்டாம், அது எலும்பைத் தின்னும். நிழலில் ஒரு வாரம் உலர்த்துங்கள். வெயிலிலோ அடுப்பருகிலோ வைத்தால் முடி அளவு வெடிப்பு விழும்.

பொருத்திப் பார்த்தல்

ரேடியஸின் ஒரு முனை தட்டையான நீள்வட்டமாக இருக்கும். அதுதான் உதட்டுக்கு. மறுமுனை அல்னாவின் குறுகிய, அதாவது மணிக்கட்டுப் பக்க முனைக்குள் அரை அங்குலம் போக வேண்டும். அல்னாவின் அகன்ற முனை ஹியூமரஸுக்குள். நுழையாவிட்டால் வெளி எலும்பின் உட்புறத்தை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்குங்கள். உள் எலும்பின் வெளிப்புறத்தைத் தேய்த்தால் சுவர் மெலிந்து அந்த இடத்திலேயே உடையும். அல்னா இயல்பாகவே வளைந்தது. அதன் வளைவு கீழ்நோக்கியும், உதட்டு முனையின் தட்டை கிடைமட்டமாகவும் இருக்கும்படி திருப்பி வைத்து, பென்சிலால் குறி போட்டுக்கொள்ளுங்கள்.

உடனே ஒட்டிவிடாதீர்கள். மூட்டுகளைத் தேன்மெழுகால் தற்காலிகமாக அடைத்துக் குரலைச் சோதியுங்கள். குரல் அடித்தொண்டையில் தேங்கினால் ரேடியஸை அல்னா பக்கத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் குறைத்து மறுபடி பாருங்கள். நீளம் குறையக் குறையச் சுருதி ஏறும். உதட்டு முனையில் குறைத்தால் தட்டை வடிவம் போய்விடும். முழுக் குழல் 8 முதல் 10 அங்குலத்தில் வந்து நிற்கும். இரண்டு குழலையும் ஒரே சுருதிக்குக் கொண்டுவர முயல்வதைவிட, ஒன்றைச் சற்று உயர்த்தி வைப்பது கெட்டிக்காரத்தனம். இருவரும் மாறி மாறி அழைத்தால் இரண்டு பெட்டை இருப்பதாகத் தோன்றும்.

திருப்தி வந்ததும் மெழுகை வெந்நீரும் சோப்பும் போட்டு முழுக்க எடுத்து, உலர்த்தி, ஒட்டும் பகுதியை 120 எண் உப்புத்தாளால் சொரசொரப்பாக்குங்கள். 24 மணி நேரத்தில் இறுகும் எபாக்சி வாங்குங்கள். ஐந்து நிமிட வகை இடைவெளிக்குள் இறங்குவதற்குள் கட்டியாகும், எச்சில் ஈரத்தையும் அவ்வளவாகத் தாங்காது. ரேடியஸ் முனையில் பருத்தி நூலைச் சுற்றி, இறுக்கமாக நுழையும் தடிமனுக்குக் கொண்டுவந்து, நூலின் மேல் மட்டும் எபாக்சி தடவிச் செருகுங்கள். நூல் இல்லாமல் ஊற்றினால் உள்ளே வழிந்து சொட்டாக உறையும். அந்தச் சொட்டில் காற்று மோதி யெல்ப்போடு ஒரு விசில் சேர்ந்து வரும். உறையும் முன்பே ஒரு முனையில் டார்ச் அடித்து மறுமுனையில் பார்த்தால் தெரிந்துவிடும். பஞ்சு சுற்றிய கம்பியால் துடைத்துவிடலாம்.

இறுகிய பிறகு ஒவ்வொரு மூட்டின் மேலும் மெழுகு நூலை முக்கால் அங்குல அகலத்துக்கு நெருக்கமாகச் சுற்றுங்கள். உதட்டு முனையிலிருந்து அரை அங்குலம் தள்ளி ஒரு ரப்பர் வளையமோ துளையிட்ட மரவில்லையோ நிறுத்தி ஒட்ட வேண்டும். குழல் எப்போதும் ஒரே ஆழத்தில் உதட்டில் நிற்பதற்கு இது. வாயில் வைத்தபடி இடறினால் தொண்டைக்குள் குத்தாமல் தடுப்பதற்கும் இதுதான். விளிம்பை 400, பிறகு 600 எண் தாளில் உருட்டித் தேய்த்துவிடுங்கள். வார்னிஷ் எங்கும் தேவையில்லை.

சோதனையும் கோளாறும்

அகன்ற வாயை உள்ளங்கையால் முழுதும் அடைத்துக் காற்றை இழுங்கள். நாக்கு நுனி குழலில் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டாவிட்டால் கசிவு. உதட்டு முனை தவிர மற்றதைத் தண்ணீரில் அமிழ்த்தி, அடைத்தபடியே லேசாக ஊதினால் குமிழ் வரும் இடம்தான் ஓட்டை. மூட்டில் என்றால் நூலுக்கு மேல் இன்னொரு பூச்சு போதும். அல்னாவின் நடுவில் என்றால் பழைய ரவைக் கீறலாகவோ இறகு பிடுங்கிய காயமாகவோ இருக்கும். சூப்பர் குளூவில் சிறிது எலும்புத் தூளைக் குழைத்து அடைக்கலாம்.

கசிவு இல்லாமலும் குரல் வராவிட்டால் பெரும்பாலும் உதட்டில்தான் கோளாறு. உதட்டை ஈரமாக்கி, குழந்தைக்கு முத்தம் கொடுப்பதுபோலக் குவித்து, நுனியை உதடுகளுக்கு நடுவில் மெல்லப் பதித்துச் சட்டென்று இழுக்க வேண்டும். முதல் நொடி உதடு இறுக்கம், அடுத்த நொடி தாடை கீழே இறங்கி இளக்கம். உயர்ந்த சுரம் உடைந்து கரகரப்பாக விழுவதே யெல்ப். ஒரே சுரமாகவே வருகிறதென்றால் தாடை இறங்கவில்லை. நீளமாக இழுக்கத் தேவையில்லை. நாலைந்து சின்ன இழுப்பு ஒரே தாளத்தில் வந்தால் போதும். கையைக் குழல் வாயில் குவித்துத் திறந்து மூடினால் தூரமும் கிட்டமும் மாறும். 'கிளக்' சுலபம். 'பர்' என்ற உறுமல் இதில் எளிதில் வராது; அதற்குக் குச்சியால் தேய்த்து ஒலி எழுப்பும் ஸ்லேட் தட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

குளிர்காலைகளில் எச்சில் ரேடியஸில் தேங்கிக் குரல் களகளக்கும். உதறிவிட்டு, குழாய் துடைக்கும் பஞ்சுக்கம்பியை ஒருமுறை விட்டு இழுத்தால் சரியாகும். காட்டிலிருந்து வந்ததும் வெறும் தண்ணீரில் கழுவி நிழலில் தொங்கவிடுங்கள். கார் டாஷ்போர்டில் வைத்தால் எபாக்சி இளகும்.

அந்த இளகும் குணமே பழுது பார்க்கவும் உதவுகிறது. ரேடியஸ் உடைவது சகஜம், பையில் உட்கார்ந்தாலே போதும். மூட்டு நூலை அறுத்துவிட்டு, மூட்டை மட்டும் கொதித்திறக்கிய நீரில் சில நிமிடம் நனைத்து, துணியால் பிடித்து மெல்ல முறுக்கினால் உடைந்த துண்டு கழன்று வரும். அதனால் அடுத்தடுத்த பறவைகளில் குழல் செய்யாவிட்டாலும் ரேடியஸை மட்டும் சுத்தம் செய்து, பறவைக்கு இரண்டாக எடுத்து வையுங்கள். மாற்று எலும்பு பழையதைவிட ஒரு நூல் குட்டையாகவோ நெட்டையாகவோ இருக்கும். ஒட்டும் முன் மறுபடியும் தேன்மெழுகில் வைத்துச் சுருதி பார்க்க வேண்டும்.